பரிமளா வைத்தியம் பார்த்த செடி

ஓசூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று தேவயானி தன் சாமான்களை எல்லாம் ஒரு பெரிய பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். துணிமணி, சான்றிதழ், தேய்ந்த செருப்பு, பல் உடைந்த சீப்பு என்று எதையும் விடவில்லை. இந்த வீட்டில் இனித் தன்னுடையது என்று சொல்ல ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது என்பதுபோல ஒரு வேகம். அவள் அம்மா பரிமளா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். 

பைக்குள் அடங்காமல் நின்றது ஒன்றே ஒன்றுதான். நடு அறை ஜன்னலோரம் முக்காலிமேல் இருந்த செடி.

சிங்கோனியம் என்று அதற்குப் பெயர். அம்பு முனை மாதிரி இலைகள். ஒவ்வொரு இலையிலும் பச்சைக்கு நடுவே பால் தெறித்தாற்போல் வெள்ளை. ஓர் இலையில் பொட்டுப் பொட்டாக இருக்கும். இன்னொன்றில் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் முழுக்கப் பச்சை, அந்தப் பக்கம் முழுக்க வெள்ளை. இரண்டு இலைகள் ஒன்றுபோல் இருக்காது. காஞ்சிபுரத்தில் கல்லூரியில் கூடப் படித்த அனுப்ரியா, ஈரக் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னத் துண்டை நீட்டி, "இத்த பாத்த ஒடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு" என்று சொல்லிக் கொடுத்தாளாம். வேறு யார் சொல்லியிருந்தாலும் தேவயானிக்கு அழுகை வந்திருக்கும். அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

ஏனென்றால் தேவயானியின் உடம்பும் அப்படித்தான். விரல் நுனிகளில், முழங்கையில், உதட்டோரத்தில், இடது கண்ணைச் சுற்றி, கழுத்தில். மாநிறத் தோலின்மேல் வெள்ளை வெள்ளையாக.

"ம்மா, இங்க வா" என்று கூப்பிட்டாள். "நல்லா கேட்டுக்கோ. இத்த வெயில்ல மட்டும் வெக்கவே வெக்காத. வெள்ளையா கீற எடம் வெயில் தாங்காது, கருகிடும். ஜன்னல் வெளிச்சமே போதும். தெனிக்கும் தண்ணி ஊத்தாத. வெரல வுட்டுப் பாரு, மேல் மண்ணு காஞ்சிருந்தா ஊத்து. எலைல தூசி பட்டா ஈரத்துணியால தொட."

"ரெண்டு மாட்ட பாத்துக்கறேன், ஒரு செடிய பாத்துக்க மாட்டனா?"

"ரூம் கெடச்சதும் வந்து எடுத்துக்கினு பூடுவேன். அது வரைக்கும் காப்பாத்திக் குடு. இத்த எடுக்கத்தான் நான் இந்த வூட்டுக்குத் திரும்பி வருவேன். வேற எதுக்கும் வர மாட்டேன்."

வெளியே வண்டியை உதைத்துக்கொண்டிருந்த அப்பா புருஷோத்தமன், "இன்னா பேச்சுடி அது, கெளம்புற நேரத்துல? உத்திரமேரூர் பஸ்ஸு பூடும், வா" என்றார். தேவயானி துப்பட்டாவை முகத்தில் கண் மட்டும் தெரியும்படி சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பரிமளாதான் சாலவாக்கம் ரோட்டில் வண்டி திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பெண் பெற்ற தாயிடம் இப்படிப் பேசிவிட்டுப் போகலாமா என்று கேட்கத் தோன்றும். கேட்பதற்கு முன் அந்த வீட்டுப் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேவயானி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதுதான் விரல் கணுவில் முதல் வெள்ளை விழுந்தது. சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று பரிமளா எச்சில் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது வெண்புள்ளி, ஒட்டாது, பரவாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, தின்ற சாப்பாட்டால் வந்ததும் இல்லை, பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள் என்றார். பரிமளா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் தின்ற சாப்பாட்டால் இல்லை என்று அந்த அம்மா சொன்னபோது மட்டும் அவள் தலை ஆடவில்லை. டாக்டருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். அது என்ன என்று அவள் வெளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை, கட்டிய புருஷனிடம்கூட.

அந்த வருஷம் ஏரி வற்றி மீன் பிடித்தார்கள். வீட்டுக்கு வீடு கெண்டையும் விராலும் மணத்தன. குழந்தை ஆசையாக மீன் குழம்பு தின்றுவிட்டு, காரம் தாங்காமல் மோர் கேட்டது. பரிமளா ஊற்றிக் கொடுத்தாள். மீனும் மோரும் சேர்ந்தால் உடம்பில் வெள்ளை விழும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். அன்றைக்கு வேலை அவசரத்தில் மறந்து போனது. பிள்ளையின் கையில் வெள்ளையைப் பார்த்ததும் அந்த மோர் டம்ளர்தான் அவள் கண்முன் வந்து நின்றது. அதற்கப்புறம் அது போகவே இல்லை.

தன் கையால் வந்ததைத் தன் கையாலேயே போக்கிவிட வேண்டும் என்ற தவிப்பு! நாட்டு மருந்து கொடுக்கிற ஒருவரிடம் கார்போக அரிசி என்கிற மூலிகை விதையில் காய்ச்சிய எண்ணெய் வாங்கி வந்தாள். கறுப்பாக, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருக்கும். வெள்ளை உள்ள இடத்தில் எல்லாம் தடவி வெயிலில் உட்கார வைக்க வேண்டும். ஞாயிறுதோறும் பின்கட்டில் சாக்கை விரித்து, கிழக்குப் பார்த்துப் பிள்ளையை உட்கார வைத்தாள். தோல் சிவக்கும், எரியும், சில நாள் நீர்கோத்துக் கொப்புளம் போடும். கொப்புளம் வந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம் என்றார் மருந்துக்காரர். பிள்ளை அழும். பரிமளா முந்தானையால் விசிறிக்கொண்டே தானும் அழுவாள். கொப்புளம் ஆறும். வெள்ளை ஒரு விரற்கடைகூடக் குறையாது.

அந்தப் பிள்ளை வளர்ந்து, காலேஜ் முடித்து, பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனதையும் பார்த்தது. அப்படி அவர்கள் போன மறுநாளும் பரிமளா எண்ணெய் பாட்டிலோடு வந்து நின்றாள். "இந்த ஒரு தபா பாப்போம் தேவி. இது புது பக்குவமாம்." அன்றைக்குத்தான் தேவயானி பாட்டிலைப் பிடுங்கிப் பரண்மேல் வீசினாள். அந்த வாரமே ஓசூரில் செடி வளர்க்கிற கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். கண்ணாடிக் குப்பிகளுக்குள் சின்னச் சின்னக் கன்றுகளை வளர்க்கிற இடம். தூசி தும்பு படக் கூடாதென்று தலைக்குத் தொப்பி, முகத்துக்குத் துணி, கைக்கு உறை, கால்வரை கோட்டு. அங்கே வேலை செய்கிறவர்களில் யார் கறுப்பு, யார் சிவப்பு என்றே தெரியாதாம். அதற்காகவே அந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது.

போன முதல் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்றும் இல்லை.

"செடி எப்பிடி கீது?"

"நல்லா கீதுடி. நீ எப்பிடி கீற?"

"மண்ணுல வெரல் வுட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். ஈரமா கீது. நீ துன்னியா?"

"அப்ப ஊத்தாத. வெச்சிடறேன்."

அவ்வளவுதான். ஆனாலும் பரிமளா விடவில்லை. மகள் செடியைப் பற்றித்தான் பேசுவாள் என்றால் செடியைப் பற்றிச் சொல்ல நிறைய வேண்டுமே! நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலைக்குப் போய்விட்டு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கை கால் கழுவி அந்த முக்காலியின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, கைக்குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல இலை இலையாகத் துடைப்பாள். இலைக்காம்பின் மடிப்பிலிருந்து புது இலை வெற்றிலைச் சுருள்போல எட்டிப் பார்க்கும். அது விரிய எத்தனை பொழுது ஆகும், விரியும்போது வெள்ளை எந்தப் பக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு அவளே முந்திக்கொண்டு சொன்னாள். "தேவி, புது எலை வுட்ருக்குதுடி! பாதி வெள்ள, பாதி பச்ச. நேரா கோடு போட்டாப்புல கீது. எவன்டா இத்த அளந்து வெச்சான்னு கீது!"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னதுதான். ஆனாலும் சிரிப்பு. "அப்பிடியா? தொட்டுப் பாத்தியா? வெள்ள எடம் மட்டும் கொஞ்சம் மெல்லிசா இருக்கும்."

"ஆமாண்டி, பூவாட்டம் கீது."

"ம்... சாப்ட்டியாம்மா?"

"துன்னுட்டேன்டி" என்று சொல்லி ஃபோனை வைத்தாள் பரிமளா. மாட்டுக்கொட்டகையில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள். அதுமுதல் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் கொஞ்சம் கொஞ்சமாக நீளமானது. செடியில் தொடங்கி, ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் போய், குளிருக்குப் போர்வை வாங்கியது வரை வந்தது. அத்தனைக்கும் அந்தச் செடிதான் வாசல். இத்தனை காலம் கழித்து மகளிடம் போய்ச் சேர ஒரு வழி கிடைத்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது நன்றாகவே தெரிந்திருந்தது.  தெரிந்திருந்தும் பின்னால் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பக்கத்து வீட்டு அம்முலு மோர் வாங்க வந்தவள் முக்காலியைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தாள். "இன்னாக்கா இது, நோய் புடிச்ச செடிய நடுவூட்ல வெச்சிக்கினு கீற?"

"நோய் இல்லடி. இது ஜாதியே அப்பிடித்தான்."

"யார் சொன்னது? உன் பொண்ணா? வெள்ள வுழுந்தா நோய்தான்க்கா. கத்திரிக்கு வுழுந்தா மருந்தடிக்கிறோம்ல? ஏற்கெனவே பொண்ணுக்கு அப்பிடி. இதுல செடி வேறயா? இத்தயே பாத்துக்கினு கீறதாலதான் அதுக்குப் போவ மாட்டுதோ இன்னாவோ."

"வாய மூடிக்கினு மோர எட்த்துக்கினு போமே."

விரட்டிவிட்டாளே தவிர, அந்தப் பேச்சு போகவில்லை. நாற்றுக்கட்டைத் தூக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் அது கூடவே வந்தது. கத்திரிக்கு மருந்தடிக்கிறோம். மகளுக்கு மருந்து போடத்தான் கொடுத்துவைக்கவில்லை. இதற்குப் போட்டால்? இது அழாதே, பிடுங்கி எறியாதே. இதற்குப் பச்சை திரும்பிவிட்டால் அவளுக்கும் திரும்பும் என்று, கோயில் உண்டியலில் முடிந்து போடுவதுபோல மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். வெயில்ல மட்டும் வெக்கவே வெக்காத என்று மகள் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. மகள் எப்போதும் வெயில் வேண்டாம் என்றுதானே சொல்வாள்!

சித்திரைக் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாள். புருஷோத்தமன் நெல் மிஷினுக்கு வேலைக்குப் போயிருந்தார். பரிமளா பரணில் ஏறித் தேடிப் பாட்டிலை எடுத்தாள். அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. பஞ்சில் தொட்டு, வெள்ளை உள்ள இடங்களில் மட்டும், பச்சையில் படாமல் தடவினாள்.  எத்தனையோ ஞாயிறு பழகிய கை அல்லவா. பின்கட்டில் அதே இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு, "கொஞ்ச நேரந்தான்டி, பொறுத்துக்கோ" என்றாள். அப்படிச் சொன்னதை அவள் கவனிக்கவே இல்லை.

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தவள் கட்டைக் கீழே போட்டுவிட்டாள். வெள்ளை இருந்த இடமெல்லாம் பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. எண்ணெயில் பொரித்த அப்பளம்போல் சில இலைகள் தொட்டால் நொறுங்கின. அவசர அவசரமாக உள்ளே தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தாள், துடைத்தாள், விசிறினாள். மறுநாள் தண்டும் துவண்டது. அழுகல் இறங்காமல் இருக்க வேறு வழி தெரியாமல் புல் அறுக்கிற அரிவாளால் கட்டை மட்டும் நிற்கும்படி அறுத்தெறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஃபோன் அடித்தது.

"செடி எப்பிடி கீதும்மா?"

"நல்லா... நல்லா கீதுடி."

"அந்தப் பாதிப் பாதி எலை?"

"அது... பெருசா ஆயிடுச்சி. கையகலம் ஆயிடுச்சி."

"ஃபோட்டோ புடிச்சி அனுப்பேன்."

"உங்க நைனா ஃபோன்ல கேமரா வேல செய்யல தேவி. கீய வுழுந்துடுச்சி."

"சரி வுடு. நான் வந்து பாக்கறேன்." அந்தக் குரலில் இருந்த ஆசை பரிமளாவின் நெஞ்சில் முள்ளாக ஏறியது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இந்த ஃபோனும் நின்றுவிடுமே! அடுத்த வாரமும் பொய் சொன்னாள். அதற்கடுத்த வாரமும். இல்லாத இலைகளை ஒவ்வொன்றாக வர்ணித்தாள். எதில் எவ்வளவு வெள்ளை என்பதைக்கூடச் சொன்னாள். இல்லாமல் போன பிறகுதான் அந்த வெள்ளைகள் அவளுக்கு இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வந்தன.

கட்டைக்கு மட்டும் விரல் வைத்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

ஆடி மாதம் முதல் மழை பெய்து ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வந்த நாட்களில், கட்டையின் அடிக்கணுவில் ஒரு முளை தெரிந்தது. பரிமளா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முளை நீண்டது, சுருள் விரிந்தது. பச்சை! அப்பழுக்கில்லாத பச்சை. அடுத்த இலையும் பச்சை. அதற்கடுத்ததும். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊசி முனை அளவுகூட வெள்ளை இல்லை.

அவள் அப்படியே முக்காலிக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருந்து வேலை செய்துவிட்டது!

"இன்னாங்க, இங்க வாயேன்! பாரேன் இத்த! ஒரு புள்ளி கீதா? சொல்லு, கீதா?"

புருஷோத்தமன் குனிந்து பார்த்தார். "இல்லதான். வேற செடியா மே?"

"வேற இன்னா வேற? அதே கட்டதான். கொப்புளம் வந்து போனாத்தான் புடிக்கும்னு மருந்துக்காரர் சொன்னாருல்ல? மெய்தான். எரிஞ்சி பூட்டு, அப்பறம் பச்ச வந்துடுச்சி. நம்மதான் பாதில வுட்டுட்டோம். இன்னும் கொஞ்ச நாளு விடாம பண்ணியிருந்தா பொண்ணு இன்னிக்கு..." 

புருஷோத்தமன் நிமிர்ந்தார். பொண்டாட்டி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து ஃபோனில் பரிமளாவின் குரலே மாறிவிட்டது. "நீ வா, வந்து பாரு, அசந்து பூடுவ" என்பாள். "இன்னாம்மா அப்பிடி?" என்று மகள் கேட்டால் "சொல்ல மாட்டேன் போ" என்று சிறு பிள்ளைபோல் சிரிப்பாள். பச்சைச் செடி மழைக்காலத்தில் அசுர வேகத்தில் வளர்ந்தது. வெள்ளை இருந்தபோது ஓர் இலை விட்ட நேரத்தில் இப்போது நாலைந்து விட்டது. தேங்காய் நார் சுற்றிய கம்பு நட்டுக் கட்டிவிட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது மேலே ஏறியது. இதற்கிடையில் ஒரு நாள் பஸ் ஏறிப்போய் மருந்துக்காரரிடம் புது எண்ணெயும் வாங்கி வந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் தேவயானி வந்தாள். விடாத மழை. முகத்தில் சுற்றியிருந்த துப்பட்டா நனைந்து ஒட்டியிருந்தது. அவிழ்த்தபோது பரிமளா பார்த்தாள். மூக்கின் பக்கத்திலும் வெள்ளை வந்திருந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும்.

"செடி எங்கம்மா?" ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் பழைய துண்டுகளும் கொண்டு வந்திருந்தாள், சுற்றி எடுத்துப்போக. "ரூம் பாத்துட்டேன். கெழக்குப் பாத்த ஜன்னலு. மெல்லிசா தெரை போட்டுக் குடுத்தாங்க."

"கண்ண மூடிக்கினு வா."

"அய்ய, இன்னாம்மா நீ!"

"மூடுடி சொல்றேன்!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜன்னல் முன்னால் நிறுத்தினாள். "இப்ப பாரு."

தேவயானி பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். ஏதோ வேடிக்கை காட்டுகிறாள் அம்மா, உண்மையான செடி வேறெங்கோ இருக்கிறது என்பதுபோலச் சுற்றுமுற்றும் தேடினாள். பிறகு ஓர் இலையைப் பிடித்துத் திருப்பினாள். இன்னொன்றை. தண்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழிருந்து மேல்வரை விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனாள். ஒரு கோடாவது, ஒரு கீற்றாவது.

"ஒரு புள்ளி இல்ல பாரு!" என்றாள் பரிமளா. "எல்லாம் சரியாயிடுச்சி."

"இன்னா பண்ண?"

பரிமளா பெருமையாகச் சொன்னாள். கத்திரி வெயில், பஞ்சு, எண்ணெய், கருகியது, அறுத்தது, பொய் சொன்னது, முளை வந்தது, ஒன்றும் விடவில்லை. சொல்லிக்கொண்டே போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து புதுப் பாட்டிலை எடுத்து வந்தாள். "உனக்குத்தான்டி. மொதல்ல எரியும். ஆனா வந்துடும் தேவி. கண்ணால பாத்துட்டேன், வந்துடும்."

தேவயானி கத்துவாள் என்று புருஷோத்தமன் வாசலில் நின்று பயந்துகொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. ஈரத் துணியோடு அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

"அது சரியாவலம்மா" என்றாள். குரல் தணிந்திருந்தது. "வெள்ள எரிஞ்சி பூட்டுது. பொழச்சது பச்ச மட்டும்தான். அவ்ளோதான் நடந்துது."

"இல்லடி, மருந்து..."

"மருந்து கொன்னுது. அடிக்கட்டைல பச்ச மட்டும் கீற பக்கம் முளச்சிக்கிச்சி. எங்க கம்பெனில இந்த மாரி பச்ச தெரும்புனா பிச்சிப் போட்டுடுவோம். வெள்ளைக்குத்தான்மா அங்க இத்தினி பாடு. அது வளருதா, தூங்குதான்னு ஒரு ஆளே குந்திக்கினு பாக்கும்."

பரிமளா பாட்டிலைப் பிடித்தபடி நின்றாள்.

"ஹாஸ்டல்லயும் ஜன்னல் கீதும்மா. கூடவே எடுத்துக்கினு போயிருக்கலாம் நானு. ஏன் உங்கிட்ட வுட்டுட்டுப் போனேன்? தெனிக்கும் தொடச்சி, தெனிக்கும் பாத்தா உனக்குப் பழகிடும்னு நெனச்சேன். பாதி வெள்ள பாதி பச்ச, பூவாட்டம் கீதுன்னு நீ சொன்னியே, அன்னிக்கு ராவெல்லாம் நான் தூங்கல. எங்கம்மாக்குப் பழகிப்போச்சின்னு நெனச்சேன்."

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.  பரிமளா இத்தனை காலம் உள்ளே பூட்டி வைத்தது அப்போதுதான் உடைந்தது. "நான்தான்டி பண்ணேன். ஏரி மீன் புடிச்ச அன்னிக்கு மீன் கொழம்பு துன்னுட்டு நீ மோர் கேட்ட. நான் ஊத்திக் குடுத்துட்டேன். தெரிஞ்சிருந்தும் மறந்து குடுத்துட்டேன். என்னாலதான் உனக்கு... அத்த நான் எடுக்க வேணாமா? நான் எடுக்காத வேற யாரு எடுப்பா?"

தேவயானி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதைவிடப் பெரிய அசதி. "மோரா?" என்றாள். "இத்தினி வருஷமா ஒரு டம்ளர் மோருக்காகவா என்ன வெயில்ல குந்த வெச்ச? டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்களே..."

"அவங்களுக்கு இன்னா தெரியும், நான் குடுத்தது எனக்குத்தான் தெரியும்."

 மறுநாள் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட வந்த அம்மாவின் கையைத் தேவயானி மெதுவாக விலக்கினாள். தானே தேய்த்துக்கொண்டாள். சுட்டு வைத்த வடையைத் தின்றாள், அப்பாவோடு நாலு வார்த்தை பேசினாள், மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"செடிய எட்த்துக்கினு போடி. பெட்டில வெச்சிக் கட்டித் தரேன்" என்று பரிமளா பின்னாலேயே வந்தாள்.

"அது உன்னுதும்மா. நீயே வெச்சிக்கோ." அட்டைப்பெட்டியை மடித்துக் கொட்டகையில் சாய்த்துவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கார்த்திகை மழையில் வெளியே வேலை இல்லை. பரிமளா ஜன்னலோரம் உட்கார்ந்து இலைகளைத் துடைத்துக்கொண்டே தேடினாள். முன்பு வெள்ளை இல்லையே என்று சந்தோஷப்பட்ட அதே கண், இப்போது ஒரு பொட்டாவது வராதா என்று கணுக்கணுவாக அலைந்தது. சில நேரம் ஜன்னல் வெளிச்சம் பட்டு ஓர் இலை வெளிறித் தெரியும். ஆசையாகக் கிட்டே போவாள். வெளிச்சம் நகர்ந்தால் பச்சைதான்.

அம்முலு வந்து பார்த்துவிட்டு, "இப்பதான்க்கா செடி மாரி கீது. எனக்கும் ஒரு கொம்பு ஒடிச்சிக் குடேன்" என்றாள். பரிமளா கையில் வந்ததை எல்லாம் ஒடித்து அவள் மடியில் போட்டாள். "போதும்க்கா, போதும்க்கா" என்று அம்முலுவே பயந்துபோய்ச் சொல்லும் வரைக்கும் ஒடித்தாள்.

அன்று சாயங்காலம் புருஷோத்தமன் வந்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, முதல்முறையாக அவளே மகளைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"இன்னாம்மா? வேலைல கீறேன்."

"வெக்காத தேவி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தச் செடில வெள்ள மறுபடி வரணும்னா இன்னா பண்ணனும்?"

 லைன் அறுந்துவிட்டதோ என்று பரிமளா ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

"தண்டுல ஒரு கீறலாவது வெள்ள கீதா?"

"இல்லடி. முழுசா தேடிட்டேன்."

"அப்ப வராதும்மா. போனா போனதுதான்."

"நெழல்ல வெச்சாகூட? நான் கண்ணுல வெச்சிப் பாத்துக்குவேன்டி."

"எதுல வெச்சாலும் வராது."

பரிமளா சுவரில் சாய்ந்துகொண்டாள்.  வேறு எதையாவது கேட்டு லைனைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். "உனக்கு மூக்காண்ட வந்துதே, அது பெருசாச்சா?"

"ஆச்சி."

"வலிக்குதாடி?"

இத்தனை காலத்தில் பரிமளா அதைக் கேட்டதே இல்லை. குறைந்ததா என்று கேட்டிருக்கிறாள், போனதா என்று கேட்டிருக்கிறாள். இதைக் கேட்டதில்லை.

"அது எப்பவுமே வலிச்சதில்லம்மா" என்றாள் தேவயானி. "வெயில்ல குந்த வெச்சப்பதான் வலிச்சிது."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. தேவயானி "தோ வரேன்" என்று அவர்களிடம் சொன்னாள். ஆனால் ஃபோனை வைக்கவில்லை. பரிமளாவும் வைக்கவில்லை.  பிறகு அந்தப் பக்கம் மறுபடியும் கூப்பிட்டார்கள். லைன் நின்றது.